மட்கார்டுக் குடை

"நிறுத்துங்க! அங்கன ஓட்டை போடாதீய!"

லோகேஷ் டிரில்லிங் மெஷினின் விசையிலிருந்து விரலை எடுத்தான். ஐயனார் ஃபைபர் ஒர்க்ஸ் ஷெட்டுக்குள் அவனை இதுவரை நிறுத்தியவை இரண்டே இரண்டு. ஒன்று அவன் அப்பா சுப்பிரமணியின் குரல். மற்றொன்று கரண்ட் கட்.

திரும்பினான்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் வல்லம் வடகால் முழுவதும் ஐப்பசி மழையில் வெள்ளையாகக் கரைந்துகொண்டிருந்தது. சாம்பல் நிறக் கம்பெனி கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் டிபன் பை... ஜடை நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர். ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் பலகையில் பூச்சு காய்வதற்கு முன் ஒரு கறுப்பு மினுங்குமே, அந்தக் கறுப்பு.

"இன்னாங்க, யார் நீங்க? உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒரு கொரல் கொடுக்கக் கூடாதா?"

"கொடுத்தேனே... அதைக் கேட்டுத்தானே நிறுத்தினீய?"

டிரில்லிங் மெஷினைக் கீழே வைத்தான்.

லாரி முகப்பும் மட்கார்டும் செய்யும் அந்த ஷெட்டின் நடுவில், டயர்கள் மேல் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது ஒரு பழைய மோட்டார் படகு. கோவளத்துக்குத் தெற்கே ஒரு தனியார் படகுத்துறையிலிருந்து டிரெய்லரில் வந்தது. நல்ல எஞ்சின், உறுதியான உடம்பு. ஒரே ஒரு குறை. கரை அணையும் நேரத்தில் குறுக்குக் காற்று அடித்தால் மூக்கு தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். படித்துறையில் மோதும். பயணிகள் அலறுவார்கள்.

அதற்கு மருந்து த்ரஸ்டர். படகின் மூக்கில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, குறுக்காக ஒரு குழாய். குழாய்க்குள் ஒரு சின்ன விசிறி. பொத்தானை அழுத்தினால் மூக்கு சொன்ன பக்கம் நகரும். பின்புறத்துக்கும் அதே போல ஒன்று. இந்தப் படகு சரியாக அமைந்தால் அந்தத் துறையின் மற்ற ஆறு படகுகளும் இந்த ஷெட்டுக்கே வரும் என்று மேனேஜர் வனமாமலை சொல்லியிருந்தார்.

"படகு விலாவுல ஓடுத அந்த நீலக் கோட்டை வச்சா அளந்திய?" என்றாள் அவள்.

"ஆமா. அதான் தண்ணிக் கோடு. அதுக்குக் கீழ ஒரு சாண் விட்டு ஓட்டை. இன்னா தப்பு கீது இதுல?"

"அது பெயின்டர் போட்ட கோடு. அழகுக்கு. தண்ணி போட்ட கோடு வேற. பச்சையா பாசி புடிச்சு ஒரு வரி இருந்திருக்குமே... அது எங்க?"

அவளே படகைச் சுற்றி வந்தாள். விரலால் தடவினாள். கண்ணாடி போல வழுக்கியது.

"வாட்டர் சர்வீஸ் பண்ணி, எமரி தேய்ச்சு, பாலிஷும் போட்டாச்சு." லோகேஷின் முதுகு நிமிர்ந்தது. "எங்க ஷெட்டுக்கு எந்த வண்டி வந்தாலும் மொதல்ல குளியல்தான். அழுக்கு மேல கை வைக்கறது எங்க வூட்டு வழக்கம் இல்ல."

"அடக் கடவுளே... குளிப்பாட்டியே தொலைச்சுட்டியளே!"

சிரித்துவிட்டாள். கேலி செய்ய வேண்டும் என்று சிரித்த சிரிப்பு அல்ல, தானாக வந்தது. அதனால்தான் இன்னும் அதிகமாகச் சுட்டது.

"ஏங்க, லாரிக்கே கேபின் பண்றவன் நான். அளவு எனக்குத் தெரியும்."

"லாரி ரோட்டு மேல நிக்கும். போட்டு தண்ணியில அமுங்கும்லா? எங்கப்பா திருச்செந்தூர்ப் பக்கம் முகத்துவாரத்துல முப்பது வருசமா போட்டு ஓட்டுதாவ. நான் நடக்கதுக்கு முன்னாடி ஸ்டீயரிங் புடிச்சவ."

"இப்ப இன்னா புடிக்கிறீங்களாம்?"

"கேலிப்பர்." நிமிர்ந்தே சொன்னாள். "பக்கத்துக் கம்பெனியில குவாலிட்டி. ஒரு மில்லிமீட்டர் கூடிச்சுன்னாலும் வாங்க மாட்டேன். திருப்பி அனுப்பிருவேன்."

பத்து நிமிடம் கூடுதலாக நின்று ஒரு பெட்டி உதிரி பாகங்களைத் திருப்பி அனுப்பியதால்தான் அவள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு நடந்து வந்தாள். அதை அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

சாலையில் படப்பை ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவள் பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள்.

"நில்லுங்க!"

அவனுக்கே தெரியவில்லை ஏன் கூப்பிட்டான் என்று. சுற்றிலும் பார்த்தான். குடை இல்லை. பெயின்ட் அடிக்காத ஒரு லாரி மட்கார்டு சுவரில் சாய்ந்திருந்தது. எடுத்து நீட்டினான்.

"இதையா... தலையிலயா?"

"லாரிச் சக்கரம் வாரி அடிக்கிற சேத்தையே தாங்குது. உங்க தலையைத் தாங்காதா?"

வளைந்த அந்த ஃபைபரைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு அவள் மழைக்குள் இறங்கினாள். நாலடி போய்த் திரும்பினாள்.

"நாளன்னைக்குக் கொண்டாந்து தாரேன்."

"வேணாம், வச்சிக்கோங்க."

"அடுத்தவங்க பொருளை வச்சுக்கிடுறது எங்க வீட்டு வழக்கம் இல்ல."

அவனுடைய வாக்கியத்தையே எடுத்து அவனிடம் எறிந்துவிட்டுப் போனாள்! ஷேர் ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் மட்கார்டைப் பார்த்துச் சிரிப்பது மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. அடையாள அட்டையில் படித்த பெயர் மட்டும் அவனிடம் தங்கியது.

முத்துச்செல்வி.

*

ரோஷம் பொல்லாதது. மறுநாள் காலையிலேயே நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு சாண் அளந்து, ஓட்டையைப் போட்டுவிட்டான் லோகேஷ். 'வழியில போற பொண்ணு சொன்னான்னு அளவை மாத்தினா, நாளைக்கு எவன் மதிப்பான்?' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் மெஷின் சுற்றிய நேரம் முழுவதும் அவன் காது வாசலில் இருந்தது. யாராவது 'நிறுத்துங்க' என்று சொல்ல மாட்டார்களா...

சொன்னபடி வந்தாள். மட்கார்டைத் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டு வந்தாள். அதைச் சுவரில் சாய்த்தவள் நிமிர்ந்தபோது மூக்கில் இருந்த வட்டமான ஓட்டையைப் பார்த்தாள்.

அவன் சண்டைக்குத் தயாராக நின்றான். இரவெல்லாம் பதில்கள் சேர்த்து வைத்திருந்தான்.

அவள் சண்டைக்கு வரவில்லை. அந்தக் கண்கள் ஒரு முறை ஓட்டையைப் பார்த்தன. ஒரு முறை அவனைப் பார்த்தன. அதில் மரியாதைக் குறைவு இல்லை, கோபமும் இல்லை. வருத்தம்தான் இருந்தது.

"சரி... தண்ணி சொல்லும்," என்றாள். போய்விட்டாள்.

சேர்த்து வைத்த அத்தனை பதில்களும் பயன்படாத பிசின் போலக் கெட்டித்துப் போயின.

*

தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை சொன்னது. ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு சொன்னது.

சோதனை ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஊர் ஏரி ததும்பி நின்றது. பக்கத்துக் கம்பெனிக்கு வந்த கிரேனே படகைத் தூக்கி இறக்கியது. வல்லத்துக்காரர்கள் கரை முழுக்க நின்றார்கள். ஷிப்ட் முடித்த பையன்கள் கழுத்து அட்டையோடு ஏரிக்கரை மரத்தில் ஏறியிருந்தார்கள். சுப்பிரமணி வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, படித்துறையின் முதல் கல்லில் நின்றார். ஷெட்டுக்குத் தன் தகப்பனார் ஐயனாரின் பெயரை வைத்தவர். அந்தப் பலகையை வாரம் ஒருமுறை தானே துடைப்பவர்.

படகுத்துறை டிரைவர் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் படியை நோக்கி வந்தார். வாடைக்காற்று குறுக்கே அடித்தது. மூக்கு திரும்பியது. பொத்தானை அழுத்தினார்.

மிக்சியில் ஒன்றும் போடாமல் சுற்றவிட்டது போல ஓர் அலறல்! நீலக் கோடு உண்மையான தண்ணீர் மட்டத்திலிருந்து நன்றாக மேலே இருந்தது. அதனால் குழாயில் பாதி தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்து நின்றது. தண்ணீரைத் தள்ள வேண்டிய விசிறி காற்றைக் குடித்தது. படகு நகரவில்லை. காற்று நகர்த்தியது. கல்லில் மோதிய சத்தம் மதகு வரைக்கும் கேட்டது.

"பம்பர் மேஸ்திரி! படகுக்கும் ஒரு பம்பர் மாட்டிவுட வேண்டியதுதானே!" மரத்திலிருந்து ஒரு குரல்.

கரையே சிரித்தது.

வனமாமலை மட்டும் சிரிக்கவில்லை. அவர் நெல்லைச் சீமைக்காரர், அளந்து பேசுபவர். "இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை தாரேன் அண்ணாச்சி. அதுலயும் ஆகலைன்னா படகைக் கேரளாவுக்கு அனுப்பிருவேன். சங்கடப்படக் கூடாது," என்றார்.

சுப்பிரமணி வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஷெட்டுக்குப் போனார். ஏணியைக் கொண்டுவரச் சொன்னார். தன் கையாலேயே பெயர்ப் பலகையைக் கழற்றினார். துண்டால் துடைத்து, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

"அப்பா... இன்னாப்பா இது..."

"தப்பைத் திருத்தற வரைக்கும் எங்கப்பன் பேரு அங்க தொங்கக் கூடாது."

லோகேஷுக்கு மோதலைவிட இது வலித்தது. தலை குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னான். மழை, நீலக் கோடு, பாசி, மட்கார்டு... கண்களை மட்டும் சொல்லவில்லை.

"ஒரு பொண்ணு வலிய வந்து சொல்லிக்கிது. நீ ரோஷத்துல ஓட்டை போட்டுக்கினு வந்து நிக்கிற." சுப்பிரமணியின் குரல் உயரவில்லை. "கேக்கறது அவமானம் இல்லடா. கேக்காம நின்னதுதான் அவமானம். போய்க் கேளு."

"பக்கத்துக் கம்பெனி பசங்க சொன்னாங்க, அவங்க படப்பையில லேடீஸ் ஹாஸ்டல்ல..."

"அப்போ தனியா போவக் கூடாது. வயசுப் பொண்ணு இருக்கிற எடம். வாசல்ல நீ ஒருத்தன் நின்னா அது பேரு இன்னா ஆவறது? அம்மாவைக் கூட்டிக்கினு போ. வெறுங்கையோடயும் போவாதே. உதவி கேக்கப் போற எடம்."

*

அவன் அம்மா கனகம் மரியாதை தெரிந்தவள். பட்டுப் புடவை கட்டினாள். பித்தளைத் தட்டில் வாழைப்பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் மல்லி, குங்குமம் எல்லாம் வைத்தாள். உதவி கேட்கப் போகும் நல்ல குடும்பத்துப் பெண் வேறு எதைத்தான் எடுத்துப் போவாள்! லோகேஷ் தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையோடு பின்னால் நடந்தான்.

ஹாஸ்டல் வாசலில் இருந்த வார்டன் கோவிந்தம்மா தட்டைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். முகம் மலர்ந்து எழுந்தாள்.

"எந்தப் பொண்ணும்மா?"

"முத்துச்செல்வி."

அடுத்த நிமிடம் மாடிப்படி முழுக்க முகங்கள்! "ஏட்டி முத்து! ஒன்னையப் பொண்ணு பாக்க வந்திருக்காவ! பட்டுச்சேலை... தட்டு... எல்லாம் இருக்கு!" அறைத்தோழி கவியாவின் குரல் தெருமுனை வரை போனது.

முத்துச்செல்வி இறங்கி வந்தாள். அவனைப் பார்த்ததும் கன்னம் ஒரு கணம் சிவந்தது. மனசு ஏதோ ஒரு பாட்டின் முதல் வரியைத் தொடங்கியது... அடுத்த கணமே முகம் இறுகியது.

"நீங்க பெரியவங்க. தப்பா நினைக்காதீய," கனகத்தைப் பார்த்துச் சொன்னாள். "எங்கப்பா உயிரோட இருக்காவ. அவங்க இல்லாத இடத்துல எனக்குத் தட்டு வைக்கலாமா? ஹாஸ்டல்ல இருக்க பொண்ணுன்னா கேக்க ஆளில்லைன்னு நினைச்சியளா?"

கனகத்துக்கு ஒன்றும் புரியவில்லை. லோகேஷுக்குப் புரிந்துவிட்டது. வியர்த்துவிட்டது.

"ஐயோ, அதுக்கு இல்லீங்க! நான்... நான் தண்ணிக் கோடு கேக்க வந்தேன்!"

மாடிப்படி முழுவதும் வெடித்துச் சிரித்தது.

முத்துச்செல்வி சிரிக்கவில்லை. 'ஓ... அதுக்கு இல்லையா...' என்று உள்ளே எதுவோ மெல்ல உட்கார்ந்தது. தட்டைப் பார்த்துக் கோபம் வந்தது நியாயம். தட்டு தனக்கு இல்லை என்று தெரிந்ததும் வந்த இந்த வலி எந்த ஊர் நியாயம்? அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"ஓட்டை போட்டுட்டு வந்து கோடு கேக்கியளாக்கும்?"

"நீங்க சொன்னதைத்தான் தண்ணியும் சொல்லிச்சு. ஊரே சிரிச்சுது. எங்கப்பா தாத்தா பேரையே கழட்டி வச்சுட்டாரு." அவன் முதல் முறையாக அவள் கண்ணை நேராகப் பார்த்தான். "தப்பு எம்மேலதான். உங்களை மதிக்காதது."

கழற்றிய பெயர்ப் பலகை... அவளுக்கு அது புரிந்தது. ஒருமுறை பயணியின் கால் நசுங்கியதற்காக ஒரு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருந்தவர் அவள் அப்பா.

"வாரேன். கவியாவும் கூட வருவா. எங்கப்பாட்ட இப்பமே போன்ல சொல்லிருவேன். மறைச்சு ஒரு வேலை செய்ய மாட்டேன்." தட்டைக் கனகத்தின் பக்கம் மெல்லத் திருப்பினாள். "இதை எடுத்துக்கிட்டுப் போங்க அம்மா. இது எங்கப்பா இருக்க இடத்துல வைக்கிற தட்டு."

கனகம் தட்டை வாங்கிக்கொண்டாள். ஆட்டோவில் வரும்போது மகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "டேய்... எம்மாம் நல்ல பொண்ணுடா."

அவன் வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருப்பதாக நடித்தான்.

*

"சுண்ணாம்பு இருக்கா?" என்றாள் முதல் நாள் வந்ததுமே.

நீலக் கோட்டுக்குக் கீழே படகின் உடம்பு முழுவதும் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசச் சொன்னாள். பன்னிரண்டு பயணிகளின் எடைக்கு மணல் மூட்டைகளை இருக்கைகளில் ஏற்றச் சொன்னாள். மூக்கு இன்னும் அமுங்கட்டும் என்று, எஞ்சினோடு பின்னால் கிடந்த பாட்டரிகளில் இரண்டை முன்னால் மாற்றினாள். மறுபடி கிரேன். மறுபடி ஏரி. கால் மணி நேரம் அசையாமல் மிதந்துவிட்டுப் படகு மேலே வந்தபோது, தண்ணீர் தொட்ட இடம் வரைக்கும் சுண்ணாம்பு கரைந்து போயிருந்தது. மேலே வெள்ளை, கீழே படகின் சிவப்பு. நடுவில் கோடு... துல்லியமாக.

நீலக் கோட்டுக்கு ஒன்றரைச் சாண் கீழே!

லோகேஷ் அந்த இடைவெளியில் கையை விரித்து வைத்துப் பார்த்தான். "இம்மாம் பெரிய தப்பா..."

"தப்பு பெருசுதான். ஒத்துக்கிட்ட மனசும் பெருசுதான்," என்றாள். சொன்ன பிறகு எதற்கோ கேலிப்பரை எடுத்து, எதையோ அளந்தாள்.

பழைய ஓட்டையை ஏழு அடுக்கு ஃபைபர் ஒட்டி அடைத்தான். தட்டினால் புதுச் சங்கு போல் ஒலித்தது. அந்த வேலையில் அவன் கை பொய் சொல்லவில்லை. புது ஓட்டையை உண்மையான தண்ணிக் கோட்டுக்குக் கீழே போட்டான். தினமும் ஷிப்ட் முடிந்து மூன்றரைக்கு அவள் வருவாள், ஐந்தரை ஷேர் ஆட்டோவுக்குப் போய்விடுவாள். கவியா வாசலில் நாற்காலி போட்டு நிலக்கடலை தின்பாள். சுப்பிரமணி தூரத்தில் செய்தித்தாள் படிப்பார். ஒரே பக்கத்தை மணிக்கணக்கில் படிப்பார்.

"குழாய் அரை மில்லி சாஞ்சிருக்கு."

"அரை மில்லிக்குப் படகு அழுவாதுங்க."

"நான் அழுவேன்."

"அப்போ சரி பண்ணிடறேன்."

கடலை தின்ற கவியா இருமினாள். செய்தித்தாள் லேசாக அசைந்தது.

அவன் விரலும் அவள் விரலும் ஒருமுறை கூடப் படவில்லை. ஒரு ஸ்பேனர் கொடுத்து வாங்கும்போது கூட அவள் அதைப் பலகை மேல் வைப்பாள், அவன் எடுத்துக்கொள்வான். ஆனால் அந்த ஸ்பேனரில் இருந்த சூடு... அதை எந்தக் கேலிப்பர் அளக்கும்?

*

ஞாயிறு காலை. கரையில் போன வாரத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். சிரிக்க வந்த கூட்டம்.

வனமாமலை வந்துவிட்டார். படகுத்துறை டிரைவர் மட்டும் கையை விரித்துவிட்டார். "இன்னொருவாட்டி என்னால அசிங்கப்பட முடியாது சார்."

அப்போது படித்துறையில் ஒரு மனிதர் இறங்கினார். கறுத்து உயர்ந்த உடம்பு, நரைத்த மீசை, கையில் ஒரு மஞ்சள் பை. ராத்திரி பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் இல்லை.

"அப்பா!" முத்துச்செல்வி ஓடினாள்.

தளவாய் மகளைப் பார்த்தார். படகைப் பார்த்தார். லோகேஷை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் படகைக் குளிப்பாட்டின தம்பியா?"

"ஆமாங்க."

"பொத்தானை அமுக்கிக் கரை அணையுததெல்லாம் போட்டு ஓட்டத் தெரியாதவன் சோலி. சரி, பாப்போம்." வண்டிப் பூஜைக்கென்று கனகம் கொண்டு வந்திருந்த எலுமிச்சம்பழங்களில் ஒன்றை எடுத்தார். நூலில் கோத்து, படித்துறையின் இரும்புத் தூணில், படகின் விலா வந்து தொடும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டார். "லாரிக்குத்தான் பழத்தை நசுக்குவீய. இங்கன நசுக்காமக் காட்டணும். படகு இதை ஒட்டி நிக்கணும். பழம் உடையக் கூடாது. முடியுமா?"

கரை அடங்கியது. காற்று மட்டும் அடங்கவில்லை. போன வாரத்தைவிட உரக்க வீசியது.

"யார் ஓட்டுதது?" என்றார்.

"நான் ஓட்டுதேன் அப்பா."

மகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். முகத்துவாரத்தில், அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்த அதே முகம். தலையசைத்தார்.

இருவரும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டார்கள். லோகேஷ் பின்புறக் கயிற்றோடு நின்றான். எஞ்சின் உறுமியது. ஏரியின் நடுவரை போய், திரும்பி, படியை நோக்கி வந்தார்கள். இருபது அடி... பதினைந்து... பத்து... வாடை பாய்ந்து வந்து மூக்கை அறைந்தது. மூக்கு திரும்பியது.

கரையில் யாரோ 'ஹோ' என்று தொடங்கினார்கள்.

அவள் பொத்தானைத் தொட்டாள்.

அலறல் இல்லை. அடி வயிற்றிலிருந்து ஒரு ஆழ்ந்த 'ம்ம்ம்' மட்டும். மூக்கருகே தண்ணீர் சுழித்து வெள்ளையாகப் பொங்கியது. காற்று தள்ளிய மூக்கு நின்றது... தயங்கியது... பிறகு கீழ்ப்படிந்த யானை போலத் திரும்பி வந்தது. பின்புறப் பொத்தான். வால் மெல்ல ஒதுங்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டாள். படகு முன்னும் போகாமல் பின்னும் போகாமல், பக்கவாட்டில், ஒரு கதவு மூடுவது போல, கல்லை நோக்கி நகர்ந்தது. ஒரு முழம்... ஒரு சாண்... நாலு விரல்...

நின்றது.

எலுமிச்சம்பழம் படகுக்கும் தூணுக்கும் நடுவில், இரண்டையும் தொட்டுக்கொண்டு, மஞ்சளாக நின்றது.

தளவாய் குனிந்தார். பழத்தை அவிழ்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"உடையலை," என்றார். "ஒரு சொட்டுச் சாறு வரலை. முப்பது வருசத்துல இந்தக் காத்துக்கு நான் இப்படி அணைச்சதில்ல தம்பி."

அப்புறம்தான் கரை வெடித்தது! சீட்டி, கைதட்டல், மரத்திலிருந்து குதித்தவர்கள்... "மேஸ்திரி வாழ்க!" என்று போன வாரத்துக் குரலே கத்தியது. வனமாமலை சுப்பிரமணியின் கையைப் பிடித்தார். "மிச்சம் ஆறும் உங்களுக்குத்தான் அண்ணாச்சி."

சுப்பிரமணி கரையோரம் நின்ற லாரியிலிருந்து ஐயனாரின் பலகையை இறக்கச் சொன்னார். துண்டால் துடைத்தார். இந்த முறை முகம் வெளியே தெரிய, எல்லோரும் பார்க்க, நிமிர்த்தி வைத்தார். கனகம் ஏற்கெனவே தட்டோடு நின்றாள்.

தட்டைப் பார்த்த தளவாயின் மீசை நிமிர்ந்தது. "போனவாட்டி ஹாஸ்டலுக்குப் போன தட்டா இது?"

"அதேதான்," என்றார் சுப்பிரமணி. "அப்போ வந்த காரியம் வேற. எடமும் தப்பு. உங்க பொண்ணுதான் எந்த எடத்துல வைக்கணும்னு எங்களுக்குச் சொல்லிச்சு. எங்க பேரு அந்தப் பலகையில கீது. வல்லத்துல யாரை வேணா விசாரிங்க. ஆனா பொண்ணு மனசு தெரியாம தட்டு நீட்டறது எங்க வழக்கம் இல்ல." மகனின் பக்கம் திரும்பினார். "டேய், படகைக் கட்டணும் இல்ல? கயிறு கட்டற நேரம் தரேன். போய்க் கேட்டுக்கினு வா."

தளவாய் வேறு பக்கம் திரும்பி, மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார்.

லோகேஷ் முன்புறக் கயிற்றை எடுத்தான். அவள் ஸ்டீயரிங்கை விடாமல் நின்றாள்.

"முத்துச்செல்வி..."

"ம்."

"அன்னைக்கு ஹாஸ்டல்ல... கோடு கேக்கத்தான் வந்தேன்னு சொன்னேன் இல்ல? அது பாதிப் பொய்."

"தெரியும். கோடு கேக்க வாரவன் இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரிக்கிட்டு வரமாட்டான்."

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. "நான் போட்ட தப்பான ஓட்டையைப் பாத்துட்டு ஒரு வார்த்தை திட்டாம நின்னீங்களே... அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஆயுசு முழுக்க என்னை 'நிறுத்துங்க'ன்னு சொல்ல நீங்க வேணும். சொல்வீங்களா?"

அவள் கண்கள் ததும்பின. ஐப்பசி ஏரி போல... கரை தாண்டவில்லை.

"நானும் ஒரு பொய் சொன்னேன்," என்றாள் மெல்ல. "அடுத்தவங்க பொருளை வச்சுக்கிட மாட்டோம்னு. அந்த மட்கார்டை மறுநாளே கொண்டாந்திருக்கலாம். ஒருநாள் கூடத் தங்கட்டும்னு கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன். கவியா கேலி பண்ணித் தீத்துட்டா."

கயிறு கட்டி முடிந்தது. அவள் படியில் இறங்கி அப்பாவின் முன்னால் போய் நின்றாள். அவர் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி, எல்லோரும் பார்க்க, கனகத்தின் தட்டில் வெற்றிலை மேல் வைத்தாள். தளவாய் இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மழை. திடீரென்று, ஏரி முழுக்க.

கூட்டம் சிதறி ஓடியது. லோகேஷ் லாரிக்கு ஓடினான். பெயின்ட் அடிக்காத அந்தப் பழைய மட்கார்டோடு திரும்பி வந்தான். தட்டிலிருந்த குங்குமத்தின் மேல் ஒரு துளி விழுவதற்குள் பிடித்துவிட்டான். அதன் கீழே அவளும் வந்து நின்றாள்.

"குடை வாங்கக் கூடாதால, மாப்ள?" என்றார் தளவாய்.

"வேண்டாம் அப்பா," என்றாள் முத்துச்செல்வி. "எனக்கு இது போதும்."